ஸ்பின்: ‘சுழற்சி’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிப்மங்க் பயிற்சி விமானத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதினால் ‘ஸ்பின்’ (விமானம் கட்டுப்பாடிழந்து சுற்றியபடி விழுவது) வருமிடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அதற்குத் தமிழில் என்ன சொல்? 1946 மே 22 அன்று கனடாவின் டவுன்ஸ்வியூவில் முதன்முதல் பறந்த விமானம். பிறகு பிரிட்டனிலும் ஆயிரம் உருவாயின. பிரிட்டிஷ் விமானப்படையில் டைகர் மாத் என்ற பழைய பயிற்சி விமானத்தின் இடத்துக்கு வந்த டி.10 ரகத்தில், வால்சிறகுக்கு முன்னால் உடலின் இருபக்கமும் ‘ஸ்ட்ரேக்’ எனும் தட்டையான பட்டிகளைப் பின்னாளில் பொருத்தினார்கள். காரணம் ஸ்பின். ‘சுழற்சி’ என்றால் ப்ரொப்பெல்லர் சுற்றுவதும் அதுதானே? ‘பம்பரச் சுழல்’ என்று வைக்கலாமா?

---

ஐயா, பம்பரம் பொருந்தாது. அது நின்ற இடத்தில் சுற்றும். ஸ்பின்னில் இரு இறக்கைகளும் தூக்குவிசை இழந்திருக்கும். ஒன்று மற்றதைவிடக் கூடுதலாக இழந்திருப்பதால் விமானம் பக்கம் உருண்டு, மூக்கும் திரும்பி, திருகாணி மரையில் இறங்குவதுபோல இறங்கும். ஸ்பைரல் டைவ் (சுருளாகத் திரும்பியபடி பாய்ந்து இறங்குவது) வேறு: அதில் வேகமுள் ஏறிக்கொண்டே போகும், ஸ்பின்னில் குறைந்த வேகத்திலேயே நிற்கும். சொல்லில் ‘வீழ்வு’ கட்டாயம் வேண்டும். என் பரிந்துரை: சுழல்வீழ்வு. ஸ்பைரல் டைவுக்குச் சுருள்பாய்ச்சல்.

---

சுழல்வீழ்வு நீளம். ‘சுழிவு’ போதாதா? ஆற்றுச் சுழி எல்லாருக்கும் தெரியும்.

---

எழுத்தில் அழகுதான். வாயில் வந்தால் ‘நெளிவு சுளிவு’ ஆகிவிடும். பலர் ழகரத்தை அப்படித்தான் ஒலிக்கிறார்கள். வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் சொல்லுக்கு இந்தக் குழப்பம் ஆகாது.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். சுழல்வீழ்வு மீட்பு: த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மூடு. சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கச் சுக்கானை முழுக்க மிதி. சற்றுப் பொறு. ஏலெரான் (இறக்கையின் பின்னோர அசைதட்டு) நடுவிலேயே இருக்க, ஸ்டிக்கை, அதாவது கட்டுப்பாட்டுக் கோலை, சீராக முன்னே தள்ளிக்கொண்டே போ, சுற்று நிற்கும்வரை. நின்றதும் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவா. மெல்ல இழுத்து மூக்கைத் தூக்கு.

சிப்மங்கில் ஆபத்து ஸ்டிக்கை முன்னே தள்ளும் படியில் இருக்கிறது. ஸ்டிக் முன்னே போகப்போகச் சுற்று இன்னும் விரைவாகும். நிலைமை மோசமாகிறது என்று மாணவர் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்தால் மீட்பு கெட்டது. ஆகவே பாடத்தில் இப்படி எழுத வேண்டும்: ‘சுழல்வீழ்வு நிற்குமுன் சுழற்சி வேகம் கூடும்.’ இரண்டு பொருளுக்கும் ‘சுழற்சி’ என்றே வைத்திருந்தால் உயிர்காக்கும் இந்த வரியை எழுதவே முடியாது. சுழற்சியைச் சுற்றுக்கே விட்டுவிடுவோம்.

---

ஏற்கிறேன். பம்பரத்தை விட்டுவிட்டேன். ‘தட்டைச் சுழல்வீழ்வு’ (ஃப்ளாட் ஸ்பின்), ‘சுழல்வீழ்வில் புகுதல்’ என்று கூட்டுச்சொற்களும் இடறாமல் வருகின்றன. பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையிலும் உருவான பெர்சிவல் பிரென்டிஸ் பயிற்சி விமானத்தின் கதைக்கும் இதுவே உதவும். அதன் இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைந்தது சுழல்வீழ்வுக் கோளாற்றைச் சரிசெய்யத்தான்.

பாக்கி, அந்தப் பட்டி. கீழிருந்து வரும் காற்றில் பின்னுடல் வீசிச் சுற்றுவதைத் தணிப்பது அதன் வேலை. ஸ்ட்ரேக்குக்கு ‘விலாப்பட்டி’ சரியா?

---

இறக்கையின் உள்சட்டமான ரிப்புக்கு ஏற்கெனவே ‘விலா’ என்று எழுதிவருகிறோம், மோதும். ‘ஓரப்பட்டி’ என்று வைக்கலாம்.