‘தி நைட்ஸ்’ பாட்டை அப்பாவோடு கேட்டபோது

இசையமைப்பாளர் அவீச்சியின் ‘தி நைட்ஸ்’ என்ற ஆங்கிலப் பாட்டு எனக்கு அறிமுகமானது ஃபிஃபா 15 என்ற கால்பந்து வீடியோ கேமில். தம்பி ஆட உட்காரும்போதெல்லாம் இது ஓடும். நாட்டுப்புற மெட்டு போல ஆரம்பித்து, கால் தன்னால் தரையைத் தட்டும் நேரத்தில் மின்னிசை எகிறிக் குதிக்கும். துள்ளல் பாட்டு என்ற கணக்கில் ஓட்டப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டேன், வரிகள் பக்கம் மனசு போகவில்லை.

அந்த வரிகளைக் கேட்க வைத்தவர் அப்பா. இரவு நேரக் கார்ப் பயணம், அவர் பக்கத்து இருக்கையில், மற்றவர்கள் பின்னால் தூக்கம். பாட்டு வந்ததும் கதவோரம் விரலால் தாளம் போட்டுக்கொண்டே "என்னடா சொல்றான் இவன்?" என்றார். சின்ன வயதில் அவனுடைய அப்பா சொன்னதைத்தான் பாடுகிறான், ஒருநாள் இந்த உலகத்தை விட்டுப் போகத்தான் போகிறாய், அதனால் பின்னால் நினைத்துப் பார்க்கிற மாதிரி வாழ்ந்துவிடு என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவங்கப்பன் விவரமானவன்டா, இன்னொரு தடவை போடு" என்றார்.

பாடியவர் நிக்கோலஸ் ஃபர்லாங், வரிகளும் அவர் தன் அப்பாவை நினைத்து எழுதியவைதான். 2014 டிசம்பரில் வந்த பாட்டு. இசையமைத்த அவீச்சி, அதாவது ஸ்வீடனைச் சேர்ந்த டிம் பெர்க்லிங், அப்போது இருபத்தைந்தே வயதுக்காரர். ஓயாத இசைப் பயணங்களில் உடம்பு கெட்டு, அதே 2014-ல் பித்தப்பையையும் குடல்வாலையும் எடுக்கும் நிலைக்குப் போனவர். 2016-ல் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டார். 2018 ஏப்ரலில் ஓமானின் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. இப்போது அவருடைய அப்பா அம்மா ஆரம்பித்த அறக்கட்டளை இளைஞர்களின் மனநலத்துக்காக வேலை செய்கிறது. மகனுக்கு அப்பா சொல்லும் வார்த்தைகளாக ஒரு பாட்டு, அதற்கு இசை போட்ட மகனைத் தொலைத்த ஒரு அப்பா. இது தெரிந்த பிறகு அந்தத் துள்ளல் இடத்தில் தொண்டை அடைக்கிறது, ஆனாலும் கால் தட்டுவது நிற்பதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் இந்தப் பாட்டை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

இதையும் அப்பாவிடம் சொன்னேன். "இருபத்தெட்டா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் சம்பந்தமில்லாத மாதிரி, வாலிபத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நண்பர்களோடு விடிய விடிய நடந்தே வீடு திரும்பிய கதையை ஆரம்பித்தார். யார் முன்னால் பாடிக்கொண்டே போனது, யாருடைய செருப்பு அறுந்தது, அவனை மாற்றி மாற்றி யார் யார் தூக்கியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது அவருக்கு. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எங்களிடம் சொல்லாத கதை.

இந்தப் பாட்டின் வீடியோவில் அதை இயக்கிய ரோரி கிரேமரே பனிச்சறுக்குகிறார், வானத்திலிருந்து குதிக்கிறார், ஊர் உலகமெல்லாம் சுற்றுகிறார். அழகான வீடியோதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு சாகசம் செய்கிறவர்களுக்கான பாட்டு இது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள், இந்தப் பாட்டைச் சேர்த்து வருகிற ரீல்ஸ் எல்லாம் மலையுச்சியும் விமானமுமாகவே இருக்கின்றன. பாட்டில் அந்த அப்பா அப்படியெல்லாம் பட்டியல் போடவே இல்லை. பையில் காசில்லாமல், அறுந்த செருப்போடு நடந்த ஒரு ராத்திரியும் அவர் சொன்ன கணக்கில் வரும் என்றுதான் நான் நம்புகிறேன்.

யாராவது இதை அப்பாவோடோ அம்மாவோடோ சேர்ந்து கேட்டிருந்தால் எழுதுங்கள், அவர்கள் என்ன கதை சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.