வங்கியே கடன் கொடுத்துவிட்டது, அப்புறம் வக்கீல் எதற்கு?

பழைய பத்திரம்:
ஈஎம்ஐ ராஜா நேற்று இங்கே எழுதியது: "வங்கி வீட்டுக்கடன் கொடுத்தாலே லீகல் சுத்தம். தனியாக வக்கீல் வைப்பது வெட்டிச் செலவு." முதல் வீடு வாங்குகிறவர்கள் நம்பிப் படிக்கும் இடத்தில் இப்படி எழுதலாமா? வங்கி வக்கீல் காப்பாற்றுவது வங்கியின் பணத்தை. 75 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மீதிக் கால்வாசி உங்கள் சேமிப்பு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் உங்கள் கைக்காசு. வில்லங்கம் வந்தால் முதலில் போவது அதுதான். வீடு போனாலும் தவணை நிற்காது.

ஈஎம்ஐ ராஜா:
எழுதியதில் மாற்றமில்லை. 30 வருட ஈசி (வில்லங்கச் சான்று), தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமைப் பத்திரம்), பட்டா எல்லாம் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கிறது. அதற்கு மேல் உங்கள் தெருமுனை வக்கீல் என்ன கிழித்துவிடப் போகிறார்?

பழைய பத்திரம்:
ஈசியில் பதிவான பத்திரம்தான் வரும். பதியாத உயில் வராது. நிலுவை வழக்கு பெரும்பாலும் வராது. கூடப்பிறந்தவளின் பங்கும் வராது. எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். மகன்கள் இரண்டு பேரும் வீட்டை விற்றார்கள். வாரிசுச் சான்றில் தங்கை பெயர் இருக்கிறது, கிரயப் பத்திரத்தில் கையெழுத்து இல்லை. ஈசி சுத்தம், வங்கிக் கடனும் கிடைத்தது. இப்போது பாகப்பிரிவினை வழக்கு. வாங்கியவர் தவணையும் கட்டுகிறார், வக்கீலுக்கும் கட்டுகிறார்.

கோவை மருமகள்:
தங்கை வழக்குப் போட்டதை வில்லங்கம் என்று எழுதாதீர்கள். அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்தில் 1989லேயே தமிழ்நாட்டில் திருமணமாகாத மகள்களுக்கு வந்துவிட்டது, 2005ல் எல்லா மகள்களுக்கும்.

பழைய பத்திரம்:
அந்தப் பெண்ணை நான் எங்கே குறை சொன்னேன்? நான் கேட்பது வங்கியை.

ஈஎம்ஐ ராஜா:
அது ஒரு வங்கியின் கவனக்குறைவு. நல்லெண்ணத்தில் வாங்கியவருக்குச் சொத்து மாற்றுச் சட்டம் 41வது பிரிவு பாதுகாப்பு இருக்கிறது. அதையும் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

பழைய பத்திரம்:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். அந்தப் பிரிவு உதவ வேண்டுமென்றால், உரிமை உள்ளவர்களின் சம்மதத்தோடு விற்பவர் உரிமையாளர் போல நடந்துகொண்டிருக்க வேண்டும், வாங்குகிறவரும் தக்க விசாரணை செய்திருக்க வேண்டும். தங்கை எங்கே சம்மதித்தார்? "வங்கி பார்த்தது, நான் பார்க்கவில்லை" என்று கோர்ட்டில் சொல்லுங்கள், அதை விசாரணை என்று எந்த நீதிபதி ஏற்பார்?

மனைத்தரகர்:
வக்கீல்களால் நின்றுபோன வியாபாரம் எனக்குத்தான் தெரியும். பத்திரத்தைப் பார்த்ததும் பத்துக் கேள்வி, பார்ட்டி பயந்து ஓடிவிடுவார். அவர்களுக்கு வரி விஷயமாவது தெரியுமா? 80 லட்சம் வீட்டைக் கணவன் மனைவி பெயரில் 40, 40 என்று வாங்கினால் 1 சதவீத டிடிஎஸ் (வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) வேண்டாம். இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கோவை மருமகள்:
தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் எல்லோர் பங்கையும் கூட்டித்தான் டிடிஎஸ்ஸுக்கான 50 லட்ச வரம்பைப் பார்க்க வேண்டும். உங்களை நம்பினவர்கள் 80,000 ரூபாய் பிடிக்காமல் விட்டு, வட்டியோடு நோட்டீஸ் வாங்குவார்கள்.

ஈஎம்ஐ ராஜா:
என் வீட்டுக்கும் வங்கிதான் பார்த்தது. இன்றுவரை ஒரு சிக்கலும் இல்லை.

பழைய பத்திரம்:
யாரும் இன்னும் வழக்குப் போடவில்லை, அவ்வளவுதான். வங்கி வக்கீலின் லீகல் ஒபினியன் (பத்திரங்களைப் பார்த்து எழுதும் சட்டக் கருத்து) நகல் உங்களிடம் இருக்கிறதா? அது யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது?

ஈஎம்ஐ ராஜா:
நகல் எனக்கு எதற்கு? வங்கி கடன் கொடுத்தது.

மனைத்தரகர்:
மருமகள் அம்மா, பத்துப் பேருக்கு வீடு முடித்துக் கொடுத்துவிட்டு வந்து எனக்கு வரி சொல்லுங்கள்.

கோவை மருமகள்:
அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் படிவம் 26கியூபியில் அந்த டிடிஎஸ்ஸைக் கட்டினார்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.