ஷென்சென்ல ஓடின லைன் இங்க ஏன் ஓட மாட்டேங்குது?

ஒரகடம்_ப்ராசஸ்:
எங்க கம்பெனி சீனாவுல, ஷென்சென்ல ஓடிட்டிருந்த எஸ்எம்டி லைனை (சர்க்யூட் போர்டுல பார்ட்ஸ் வச்சு சோல்டர் பண்ற மெஷின் வரிசை) அப்படியே பெட்டி கட்டி ஒரகடத்துக்கு கொண்டு வந்துட்டாங்க. அதே மெஷின், அதே ப்ரோக்ராம், அதே சோல்டர் பேஸ்ட். மூணு மாசம் ஆச்சு, அங்க வந்த ஈல்டு (நூத்துக்கு எத்தனை போர்டு நல்லா வருதுங்கற கணக்கு) இங்க வரவே மாட்டேங்குது. லைன் ஷிஃப்ட் பண்ண அனுபவம் உள்ளவங்க யாராச்சும் இருக்கீங்களா, எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கறது?

பழைய_லைன்லீடர்:
ப்ரோ, ப்ரோக்ராமை விடுங்க, மொதல்ல சோல்டரை உருக்கற ஓவனை பாருங்க. கழட்டி மாட்டுனா எக்ஸாஸ்ட் இழுப்பு மாறிடும், அங்க எடுத்த ப்ரொஃபைல் (போர்டு நேரத்துக்கு நேரம் எவ்வளவு சூடாகுதுங்கற கணக்கு) இங்க செல்லாது. போர்டுல தெர்மோகப்புள் (சூட்டை அளக்கற வயர்) ஒட்டி புதுசா எடுங்க, லெட் ஃப்ரீ (ஈயம் இல்லாத) பேஸ்ட்னா அது உருகற 217 டிகிரிக்கு மேல எத்தனை செகண்ட் நிக்குதுன்னு பாருங்க. பார்ட்ஸை மெஷினுக்கு ஊட்டற ஃபீடர் எல்லாம் திரும்ப காலிப்ரேட் பண்ணணும், கப்பல்ல ஆடி ஆடி வந்தது அது. அப்புறம் ஈரம், இதைத்தான் எல்லாரும் கோட்டை விடறாங்க. எம்எஸ்எல் (ஈரம் எவ்வளவு தாங்கும்ங்கற தர வரிசை) 3 ஐசின்னா பேக்கெட் பிரிச்சதும் 168 மணி நேரம்தான், அதுவும் 30 டிகிரி, 60 சதவீத ஈரத்துக்குள்ள இருந்தா. நம்ம நவம்பர் மழைல ஏசி நின்னு போற ஸ்டோர்ல வச்சிட்டு அதே கணக்கு போட்டா, உள்ள போன ஈரம் ஓவன்ல ஆவியாகி ஐசியையே பொளந்துடும்.

மோல்ட்_பட்டறை:
மேல அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா மெஷின்தான் கன்டெய்னர்ல வரும், அதை சுத்தி இருந்தது வராது. நான் ஷென்சென் பக்கத்துல டோங்குவான்ல ரெண்டு வருஷம் இருந்தேன், சாயங்காலம் ஃபிக்ஸ்சர்ல (போர்டை புடிச்சு வைக்கற அச்சு) ஒரு தப்புன்னு சொன்னா பக்கத்து பட்டறைல ராத்திரியே திருத்தி காலைல கைல குடுத்துடுவாங்க. இங்க பார்ட்ஸை உறிஞ்சி எடுக்கற ஒரு நாஸில் தேஞ்சா கூட ஏர் கார்கோ, கஸ்டம்ஸ்னு உக்காந்திருக்கணும். ஐஃபோனையே பாருங்க, பெங்களூர்ல 2017ல எஸ்இ மாடல்ல ஆரம்பிச்சாங்க, புது மாடல் வெளிவந்த சில வாரத்துலயே ஸ்ரீபெரும்புதூர்ல செய்ய 2022 ஆச்சு, ஐஃபோன் 14ல தான். ஆப்பிளுக்கே அஞ்சு வருஷம், உங்களுக்கு மூணு மாசம்னா எப்படிங்க?

சுங்குவார்சத்திரம்:
ஆளுங்களையும் மறக்காதீங்க. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபோன் ஃபேக்டரி வந்தப்போ பழகின கைங்க எத்தனை, 2014 நவம்பர்ல அது மூடினதும் அந்த அனுபவம் பூரா நாலா பக்கமும் சிதறிப் போச்சு, நெனச்சா இன்னிக்கும் மனசு ஆறல. ஷென்சென்ல அந்த லைனை ஓட்டின டெக்னீஷியன் ஒருத்தரையாவது ஒரு மாசம் இங்க வரவழைங்க, விசாவுக்கு இப்பவே போடுங்க, லேட் ஆகும். எந்த சத்தத்துக்கு எந்த ஸ்க்ரூவை திருப்பணும்னு எந்த ஃபைல்லயும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க.

ஒரகடம்_ப்ராசஸ்:
ரொம்ப நன்றி. இப்பதான் ஸ்டோருக்கு போய் பாத்தேன், ஈர மீட்டர் 74 சதவீதம் காட்டுது, பிரிச்ச ரீல் எல்லாம் வெளிய கெடக்கு. இன்னிக்கே சூடு பண்ணி ஈரத்தை எடுக்க பேக் (bake) பண்ண போடறேன், நாளைக்கு ஓவன் ப்ரொஃபைல் எடுத்துட்டு வந்து போடறேன்.