இதைவிட நல்ல குழி தெரிந்தால் போ: போர்க்காலக் கேலித் தட்டுகளைச் சேகரிக்கலாமா?

பீங்கான்பிரியன்:
எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் ஒரு தட்டு வாங்கி வந்து முன்னறையில் மாட்டினேன். பார்க்க வந்த நண்பர் ஒருவர், "சாவு வீட்டுச் சிரிப்பை எதற்குச் சுவரில் மாட்டியிருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று நாளாக அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழை.

தட்டு முதல் உலகப் போர்க் காலத்தது. பாலேட்டு நிறம், விளிம்பில் பழுப்புச் சாயம், மெருகு முழுக்க மயிரிழை வெடிப்பு. நடுவில் படம்: குண்டு விழுந்து உண்டான பள்ளத்தில் மார்பளவு புதைந்து இரண்டு சிப்பாய்கள், சுற்றிலும் இருட்டில் குண்டுகள் வெடிக்கின்றன. புலம்பும் சிப்பாயிடம் தொங்குமீசைக்காரக் கிழவன் சொல்கிறான்: "சரி, இதைவிட நல்ல குழி தெரிஞ்சா அங்கே போ."

அந்தக் கிழவன்தான் ஓல்டு பில். வரைந்தவர் ப்ரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர். படம் 1915 நவம்பரில் 'பைஸ்டாண்டர்' வார இதழில் வந்தது. பிறகு ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்துக் கிரிம்வேட்ஸ் ஆலை அவர் படங்களைத் தட்டு, கோப்பை, ஜாடி என்று அச்சிட்டு விற்றது. என்னிடம் இப்போது இந்த வகையில் ஆறு இருக்கின்றன. போரை நினைவுகூர இதைவிட நேர்மையான பொருள் இல்லை என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வல்லைவெளி:
அண்ணை, உங்கட நண்பர் கேட்டதைத்தான் நானும் கேட்பேன்.

1990இல், இலங்கையில் சண்டை நடந்த நேரம், எனக்கு ஒன்பது வயது. எங்கட வளவுக்குள் அப்பா பங்கர் வெட்டினார். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டும். நீங்கள் எழுதியதில் 'குழி' என்ற சொல்லைப் பார்த்தவுடன் எனக்கு ஈரமண் மணக்கிறது. சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. அந்தத் தட்டு குழிக்குள் இருந்தவனுக்காகச் செய்ததா? அவன் தகரக் குவளையில் குடித்திருப்பான். தட்டு, வீட்டில் நெருப்புக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு விற்கச் செய்தது. தூர நிற்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. நூறு வருடம் கழித்து நீங்கள் இன்னும் தூரத்தில் நிற்கிறீர்கள்.

பீங்கான்பிரியன்:
வல்லைவெளி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை நான் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் வரைந்தவர் தூர நின்றவர் இல்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பேர்ன்ஸ்ஃபாதர் 1887இல் மர்ரீயில் பிறந்தவர். இன்று பாகிஸ்தானில் இருக்கும் மலையூர் அது. ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவில் இயந்திரத் துப்பாக்கி அதிகாரியாகப் பெல்ஜியம் போனார். செயின்ட் ஈவ் என்ற சிற்றூரில் இடிந்த வீடு ஒன்றின் சுவரில்தான் போர்க்களக் கேலிப்படங்களைக் கரித்துண்டால் வரைய ஆரம்பித்தார். 1915 ஏப்ரலில் ஈப்ர் சண்டையில் பக்கத்தில் குண்டு வெடித்து, காது பாதித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழிப்படம் அதற்குப் பிறகு வரைந்தது. அந்தப் பள்ளத்தில் இருப்பவர்களில் ஒருவர் அவரே என்றுதான் நான் பார்க்கிறேன்.

அப்புறம், 1914 கிறிஸ்துமஸ் அன்று இரண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள் அல்லவா? அவர் அங்கே இருந்தார். ஒரு ஜெர்மன் அதிகாரியின் கோட்டுப் பொத்தான்கள் அவருக்குப் பிடித்துவிட்டன. முள்கம்பி வெட்டும் குறடை எடுத்து அதில் இரண்டை நறுக்கிக்கொண்டு, தன் பொத்தான் இரண்டைக் கொடுத்திருக்கிறார். தன் நினைவுக்குறிப்பில், தான் கொஞ்சம் பொருள் சேர்க்கிற ஆள் என்றே சொல்லிக்கொள்கிறார். எதிரியின் பொத்தானை ஞாபகமாக வைத்துக்கொண்டவனின் படத்தை நான் ஞாபகமாக வைத்துக்கொள்வதில் என்ன தவறு?

வரலாற்று வாத்தியார்:
தம்பி, பொத்தான் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ஆளுக்கு அடுத்து என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் போர்த் துறை அவரை எடுத்துக்கொண்டது. 'அதிகாரி கேலிச்சித்திரக்காரர்' என்று பதவி கொடுத்து பிரெஞ்சு, இத்தாலிய, அமெரிக்கப் படைகளுக்காக வரைய அனுப்பியது. சிப்பாயின் முணுமுணுப்பு அரசாங்கத்துக்கு லாபமாகத் தெரிந்தது. 'பார், நம் ஆள் இந்த நரகத்திலும் சிரிக்கிறான்' என்று காட்டினால், அடுத்தவனை அனுப்புவது எளிது. இந்தத் தட்டுகளை நான் அந்தக் கணக்கில்தான் வைப்பேன்.

அதே காலத்தில் அதே நகரத்தின் பகுதியான பர்ஸ்லெமில் வில்கின்சன் ஆலை மனித உருவில் செய்த குடுவைகளைப் பாருங்கள். அவற்றை வடிவமைத்த பிரான்சிஸ் கரூதர்ஸ் கூல்டும் பேர்பெற்ற கேலிச்சித்திரக்காரர். மொத்தம் 11 குடுவைகள், எல்லாம் மன்னரும் தளபதிகளும் தலைவர்களும். பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரின் குடுவையில் 'கைசருக்குக் கசப்பு' என்று எழுதியிருக்கும். கைசர் என்றால் ஜெர்மன் பேரரசர். கசப்பு என்பது அங்கே ஒரு வகை பீருக்கும் பெயர், அதில் ஒரு சிலேடை. தளபதி ஹெய்க் ஒரு டாங்கியின் மேல் உட்கார்ந்திருப்பார். அதில் 'தள்ளு, போ' என்ற வாசகம்.

தள்ளினார், போனார்கள். 1916 ஜூலை 1, சோம் சண்டையின் முதல் நாள். ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் இறந்தோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். இறந்தவர்கள் மட்டும் 19,240. அந்தப் படையை நடத்தியவர் ஹெய்க். அவர் உருவத்தைக் குடுவையாக்கி அலமாரியில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். போர்க்காலச் சிரிப்பு என்றாலே அதுவும் ஓர் ஆயுதம்தான்.

கொடிமுல்லை:
சார், ஹெய்க் குடுவையையும் ஓல்டு பில் தட்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமே இல்லை. நான் பதினைந்து வருடமாக இவற்றைத் தேடி வாங்குகிறவள், ஒரே ஒரு விஷயத்தைத்தான் முதலில் பார்ப்பேன்: இதில் யாரைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள்?

ஹெய்க் குடுவையில் யாரும் சிரிக்கவில்லை. அது பக்தி. பில் தட்டில் குழிக்குள் இருப்பவன் தன்னைப் பார்த்தே சிரிக்கிறான். இன்னொரு படம் உண்டு. சுவரில் ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டை. புதிதாக வந்த பையன் "இந்த ஓட்டையை எது போட்டது?" என்று கேட்கிறான். பில் சொல்லும் பதில் ஒரே சொல்: "எலி." அவ்வளவுதான். அதில் எதிரி இல்லை, வெறுப்பு இல்லை, நாடு கூட இல்லை. களைத்துப்போன ஒரு கிழவனும் ஒரு மடத்தனமான கேள்வியும்தான்.

மூன்றாவது வகைதான் எனக்குச் சங்கடம். இரண்டாம் உலகப் போரில் அடியில் ஹிட்லர் முகம் வரைந்த மூத்திரச் சட்டிகளைச் செய்தார்கள். அந்தச் சட்டிக்குப் பேச்சுவழக்கில் 'ஜெர்ரி' என்று பெயர், ஜெர்மன் சிப்பாயையும் அப்படித்தான் சொல்வார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் தூக்கிப் போட மாட்டேன். குண்டுவீச்சுக்கு நடுவில் மக்கள் மனதில் என்ன ஓடியது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி எந்தக் காகிதத்திலும் கிடைக்காது. பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு பிடிக்காததை உடைத்தால் அது சேகரிப்பு இல்லை, அலங்காரம்.

பீங்கான்பிரியன்:
கொடிமுல்லை அக்கா, இங்கே உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்தச் சட்டியை நான் வீட்டுக்குள் விட மாட்டேன். அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், பக்கத்தில் விளக்கம் இருக்கும். வீட்டில் இருப்பது வேறு.

வரலாற்று வாத்தியார்:
அப்படியென்றால் நீங்களும் கோடு போடுகிறீர்கள். நான் போடும் கோடு கொஞ்சம் முன்னால் இருக்கிறது, அவ்வளவே.

இடையில் ஒன்று. நம் ஊரில் அந்தப் போரின் நினைவுப்பொருள் எது என்று யோசித்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அதற்கு நம் ஆட்கள் தட்டும் செய்யவில்லை, குடுவையும் செய்யவில்லை. 'அவன் பெரிய எம்டன்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டார்கள். என் பாட்டி என் தாத்தாவை அப்படித்தான் சொல்வார். காசு கொடுத்து வாங்க முடியாத, ஏலத்தில் விலை ஏற்ற முடியாத நினைவுப்பொருள். எனக்கு அது போதும்.

வல்லைவெளி:
கொடிமுல்லை அக்கா கேட்ட கேள்வி சரியான கேள்வி. யாரைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள் என்பதோடு, அந்தச் சிரிப்பை யார் விற்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்தக் காசு குழிக்குள் இருந்தவனுக்குப் போனதா?

பிரியன் அண்ணை, தட்டின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? பழைய பீங்கான்களில் அடிமுத்திரை இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பீங்கான்பிரியன்:
இப்போதுதான் கழற்றிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, வாங்கும்போது ஆலைப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு விட்டேன். தமிழில் தருகிறேன்:

"மாபெரும் போரின் நினைவுப்பொருள். பையன்கள் சுதந்திரத்துக்காகவும் நாகரிகத்துக்காகவும் பதுங்குகுழிகளில் போரிட்டுக்கொண்டிருந்த 1917ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஸ்டாஃபோர்ட்‌ஷயர்ப் பெண்பிள்ளைகள் செய்தது."

அதற்குக் கீழே உரிமை பைஸ்டாண்டர் இதழுடையது என்று இருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு அதுவே ஒரு பதில். படம் பேர்ன்ஸ்ஃபாதருடையது, உரிமை இதழுக்கு.

கொடிமுல்லை:
அந்த முத்திரைக்காகத்தான் நான் இவற்றைச் சேர்க்க ஆரம்பித்தேன்! பையன்கள் போனபிறகு ஆலைகளில் காகிதத்தில் எடுத்த அச்சைத் தட்டில் ஒட்டியதும் விளிம்புக்குச் சாயம் தீட்டியதும் இந்தப் பெண்கள்தான். மெருகில் ஈயம் கலந்த காலம் அது. பானைத்தொழில் ஊர்களில் ஈய நஞ்சு ஏறியவர்களில் பெண்கள் நிறைய. உங்கள் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள் பிரியன். படத்தின் ஓரத்தில் காகிதம் மடிந்த இடத்தில் ஒரு சின்னக் கோணல் இருக்கும், எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் இருக்காது. ஒரு பெண்ணின் கை அவசரமாகத் தடவிய இடம் அது. குளிரில், அண்ணனோ காதலனோ அங்கே இருக்க, அந்தக் குழியின் படத்தை நாளெல்லாம் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். தூர நின்றவள் என்று அவளைச் சொல்லலாமா, வல்லைவெளி?

வல்லைவெளி:
இல்லை. அவளைச் சொல்ல மாட்டேன். என்னுடைய அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் அந்த முத்திரையில் 'சுதந்திரம், நாகரிகம்' என்று எழுதியது அவள் இல்லை. அந்தச் சொற்களை எழுதினவனுக்குப் பெயர் தேவைப்படவில்லை, ஒட்டினவளுக்கும் பெயர் இல்லை. ஆலைக்கும் இதழுக்கும் மட்டும்தான் பெயர் இருக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது.

ஒரு விஷயம் சொல்கிறேன். சொல்ல நினைக்காமல்தான் இருந்தேன். எங்கட அப்பாச்சி கடைசிவரை பங்கருக்குள் இறங்க மாட்டா. பொம்மர் சுற்றும்போது அப்பா கத்துவார், அவ திண்ணையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டு சொல்லுவா: "குண்டு விழுந்தாலும் விழும், விழாட்டிலும் விழாது. உள்ளுக்குள்ள இருக்கிற மட்டத்தேள் கடிக்கிறது நிச்சயம்." உள்ளே இருட்டில் தண்ணீருக்குள் நின்றுகொண்டு நாங்கள் ஐந்து பேரும் சிரித்தோம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இப்பவும் தெரியுது. அதனால் குழிக்குள் சிரிப்பு வராது என்று நான் சொல்ல வரவில்லை. வரும், வந்தது. அதை இன்னொருவர் விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டினால் எனக்கு எப்படி இருக்கும் என்பதைத்தான் முதல் பதிவில் சொல்ல வந்தேன்.

வரலாற்று வாத்தியார்:
அம்மா, இதைப் படித்தபிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாச் சிரிப்பும் ஆயுதம் என்று நான் எழுதியது அதிகம். ஹெய்க் குடுவை பற்றிச் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை.

கொடிமுல்லை:
பிரியன், மறக்கும் முன்: சுருள்கம்பி மாட்டியிலா தொங்கவிட்டிருக்கிறீர்கள்? உடனே எடுத்துவிடுங்கள். அந்தக் கம்பி விளிம்பை நாள்முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும், வெடிப்பு விழுந்த மெருகு சில்லாகப் பெயரும். என் முதல் தட்டை அப்படித்தான் இழந்தேன். மரத் தாங்கியில் சாய்த்து வையுங்கள். கறை எடுக்கிறேன் என்று வெளுப்புத் திரவத்தில் ஊறவைக்கவும் வேண்டாம், வெடிப்புக்குள் போய் உள்மண்ணை அரித்துவிடும்.

பீங்கான்பிரியன்:
கம்பியைக் கழற்றிவிட்டேன் அக்கா. கீழ்விளிம்பில் ஏற்கெனவே அரிசி அளவு ஒரு சில்லு போயிருக்கிறது. அந்தக் கோணலும் இருக்கிறது, பில்லின் தோளுக்குப் பக்கத்தில். தட்டு இப்போது புத்தக அலமாரியில், கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்படி இருக்கிறது. நண்பர் மறுபடி வந்தால் பின்பக்கத்தை முதலில் காட்டுவேன். வைத்திருப்பது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

வல்லைவெளி, ஒரு அனுமதி வேண்டும். உங்கள் அப்பாச்சி சொன்னதை ஒரு அட்டையில் எழுதித் தட்டின் பக்கத்தில் வைக்கலாமா?

வல்லைவெளி:
வேண்டாம் அண்ணை. உங்களுக்குச் சொன்னேன், அது போதும். அட்டையில் ஏற வேண்டாம்.

அந்தப் பின்பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கோ. மகளுக்குக் காட்டவேணும்.