1949-இல் ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் சபை 75 உறுப்பினர்களிலிருந்து 123 ஆனது ஏன்?

கேள்வி – ஏட்டுச்சுவடி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆஸ்திரேலிய அரசியலைச் சில காலமாகப் படித்து வருகிறேன். 1946 செப்டம்பர் 28 தேர்தலில் வென்று பிரதிநிதிகள் சபைக்கு வந்தவர்களின் பட்டியலையும், 1949 டிசம்பர் 10 தேர்தலில் வென்றவர்களின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது சில ஐயங்கள் எழுந்தன. முதல் பட்டியலில் 75 பெயர்கள் இருக்கின்றன, இரண்டாவதில் 123 இருக்கின்றன. மூன்றே ஆண்டுகளில் மக்கள்தொகை அந்த அளவுக்குப் பெருகியிருக்க வழியில்லை.

மேலும், பழைய உறுப்பினர்கள் பலர் இரண்டாம் பட்டியலில் வேறு தொகுதியின் பெயரோடு காணப்படுகிறார்கள். ஹரால்ட் ஹோல்ட் ஃபாக்னரை விட்டு ஹிக்கின்ஸுக்கும், பில்லி ஹியூஸ் நார்த் சிட்னியை விட்டு பிராட்ஃபீல்டுக்கும், கண்ட்ரி கட்சித் தலைவர் ஆர்தர் ஃபேடன் டார்லிங் டவுன்ஸை விட்டு மெக்ஃபெர்சனுக்கும் சென்றிருக்கிறார்கள். இது தோல்விக்கு அஞ்சிச் செய்த இடமாற்றமா, வேறு காரணம் உண்டா?

இன்னொன்று. 1946 பட்டியலில் இரண்டே பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுள் எனிட் லையன்ஸ் டார்வின் தொகுதியின் உறுப்பினர் என்று உள்ளது. ஆனால் டார்வின் நகரம் அடங்கிய வடக்கு மண்டலத்துக்கு ஏடேர் பிளேன் என்ற சுயேச்சையின் பெயர் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – எல்லைக்கோடு

எண்ணிக்கை உயர்ந்ததற்கான வழி அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவில் இருக்கிறது. பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் எண்ணிக்கை, இயன்றவரை செனட்டர்களின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்காக இருக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. ஆகவே கீழவையைப் பெரிதாக்க விரும்பும் அரசு, செனட்டையும் பெரிதாக்காமல் அதைச் செய்ய முடியாது. பென் சிஃப்லியின் தொழிற்கட்சி அரசு 1948-இல் பிரதிநிதித்துவச் சட்டத்தை நிறைவேற்றி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் 6 ஆக இருந்த செனட்டர்களை 10 ஆக உயர்த்தியது. 36 பேர் கொண்ட செனட் 60 ஆனது, அதையொட்டிக் கீழவையில் மாநிலங்களின் இடங்கள் 74-லிருந்து 121 ஆயின. நியூ சவுத் வேல்ஸ் 28-லிருந்து 47 ஆகவும், விக்டோரியா 20-லிருந்து 33 ஆகவும், குயின்ஸ்லாந்து 10-லிருந்து 18 ஆகவும் உயர்ந்தன. தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு 10 இடங்களும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 8 இடங்களும் கிடைத்தன. டாஸ்மேனியா மட்டும் 5-இலேயே நின்றது. தொடக்க மாநிலம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 5 இடங்கள் என்பது அரசியலமைப்பு தந்த உறுதி. மக்கள்தொகைக் கணக்கில் அதற்குமேல் பெறும் தகுதி டாஸ்மேனியாவுக்கு இல்லை.

மக்கள்தொகை மூன்றாண்டுகளில் பெருகவில்லை என்பது சரிதான். ஆனால் கணக்கு 1901-இலிருந்து நிலுவையில் கிடந்தது. கூட்டாட்சி தொடங்கியபோது சுமார் 38 இலட்சம் மக்களுக்கு 75 உறுப்பினர்கள் இருந்தார்கள். 1947 கணக்கெடுப்பில் மக்கள் சுமார் 76 இலட்சம், உறுப்பினர்கள் அதே 75 பேர். (இரு எண்களிலும் பழங்குடியினர் முறையாகச் சேர்க்கப்படவில்லை. அவர்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற 127-ஆம் பிரிவு 1967 வாக்கெடுப்புவரை நீங்கவில்லை.) ஒருவர் சுமார் ஐம்பதாயிரம் பேரைப் பிரதிநிதித்துவம் செய்த நிலை மாறி, ஓர் இலட்சம் பேருக்கு ஒருவர் என்றாகியிருந்தது.

தொகுதி மாற்றங்களுக்கும் இதுவே விடை. 47 இடங்கள் கூடும்போது ஏறக்குறைய எல்லா எல்லைகளும் புதிதாக வரையப்பட்டன. ஹிக்கின்ஸ், பிராட்ஃபீல்டு, மெக்ஃபெர்சன் ஆகிய மூன்றும் 1949-இல் புதிதாகப் பிறந்த தொகுதிகள். ஜான் மெக்யூவன் இண்டியிலிருந்து மர்ரேக்குச் சென்றதும், தொழிற்கட்சியின் ஃப்ரெட் டேலி மார்ட்டினிலிருந்து கிரேய்ன்ட்லருக்குச் சென்றதும் இவ்வாறே. பலருக்குத் தங்கள் பழைய ஆதரவாளர்கள் வாழும் பகுதி புதிய தொகுதிக்குள் போய்விட்டதால், பெயர் மாறினாலும் வாக்காளர்கள் பெரும்பாலும் அவர்களாகவே இருந்தார்கள். எனவே இதை ஓட்டம் என்று சொல்வது பொருந்தாது.

மறுமொழி 2 – கூலிங்கால்

டார்வின் பற்றிய குழப்பம் எளிதில் தீரும். அப்பெயரில் இருந்த தொகுதி டாஸ்மேனியாவின் வடமேற்கில் இருந்தது, வடக்கு மண்டலத்தின் டார்வின் நகரத்தோடு அதற்குத் தொடர்பில்லை. 1955-இல் அது பிராடன் என்று பெயர் மாறியது. மறைந்த பிரதமர் ஜோசப் லையன்ஸின் மனைவியான எனிட் லையன்ஸ் 1943-இல் அங்கே வென்று, கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணானார். 1949 தேர்தலில் வென்று பிரதமரான லிபரல் கட்சித் தலைவர் மென்சீஸ் அவரை நிர்வாகக் குழுவின் துணைத் தலைவராக்கினார். கூட்டாட்சி அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே, ஆயினும் அந்தப் பதவியோடு எந்தத் துறையும் அவருக்குத் தரப்படவில்லை. 1951-இல் அவர் ஓய்வு பெற்றார்.

இரண்டாமவரான டோரிஸ் பிளாக்பர்னைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மெல்பர்னின் பர்க் தொகுதி அவருடைய கணவர் மாரிஸ் பிளாக்பர்னின் தொகுதியாக இருந்தது. மாரிஸைத் தொழிற்கட்சி வெளியேற்றியபின், 1943-இல் அக்கட்சியின் பில் பிரைசன் அவரைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு மாரிஸ் இறந்தார். 1946-இல் டோரிஸ் சுயேச்சைத் தொழிலாளர் வேட்பாளராக நின்று அதே பிரைசனை வென்றார். அவையில் அவர் தனி ஆளாக எடுத்த நிலைகளுள் முதன்மையானது வூமெரா ஏவுகணைத் தளத்துக்கு எதிரானது. மத்திய ஆஸ்திரேலியாவில் பழங்குடியினர் வாழும் நிலத்தின் மீது ஏவுகணைச் சோதனை நடத்துவதை அவர் எதிர்த்தார். அத்திட்டத்துக்கு எதிரான கிளர்ச்சியைத் தண்டிக்கும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவரும் அவர் ஒருவரே. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி எல்லோரும் மறுபக்கம் நின்ற வாக்கெடுப்பு அது.

எல்லைக்கோடு அவர்கள் சொன்ன எல்லை மாற்றம், கட்சி பலம் இல்லாத இத்தகையவர்களுக்கு எதிராகவே வேலை செய்தது. பர்க் தொகுதி 1949-இல் ஒழிக்கப்பட்டது. டோரிஸ் புதிய வில்ஸ் தொகுதியில் 1949-இலும் 1951-இலும் நின்று தோற்றார், அங்கே வென்றவர் மீண்டும் பிரைசன்தான். பின்பு 1955-இல் தொழிற்கட்சி பிளந்தபோது பிரைசன் பிரிந்தவர்களோடு சென்று, கோர்டன் பிரயன்டிடம் வில்ஸை இழந்தார். அந்த பிரயன்டும் டோரிஸும் 1957-இல் விக்டோரியாவில் பழங்குடியினர் முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் சேர்ந்தே இருந்தார்கள்.

லையன்ஸ் 1951-இல் விலகியபின் கீழவையில் ஒரு பெண்கூட இல்லாத நிலை 15 ஆண்டுகள் நீடித்தது. 1966-இல் கிங்ஸ்டன் தொகுதியில் கே பிரவுன்பில் வென்ற பிறகே அது மாறியது. அவை பெரிதானால் புதியவர்களுக்கு வாசல் திறக்கும் என்று நம்புவோர் இந்தப் பதினைந்து ஆண்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 3 – அவுட்ரம் வாசகன்

ஏடேர் பிளேன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலஅளவையாளரான அவர் 1934-இல் வடக்கு மண்டலத்தின் உறுப்பினரானார். பதவியில் இருக்கும்போதே படையில் சேர்ந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டார். சாங்கி, வட போர்னியோவின் சண்டகான், மீண்டும் சிங்கப்பூரின் அவுட்ரம் சாலைச் சிறை என்று அவருடைய சிறைவாசம் நீண்டது. 1943 தேர்தலில் அவர் கைதியாக இருக்கும்போதே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். போர் முடிந்து 1945-இல் அவைக்குத் திரும்பினார், 1946-இலும் வென்றார், 1949-இல் தொழிற்கட்சியின் ஜாக் நெல்சனிடம் தோற்றார்.

அவர் பெயரைத் தனியாகக் காட்டுவதற்குக் காரணம், அவருக்கு முழு வாக்குரிமை இல்லாததே. வடக்கு மண்டலம் மாநிலம் அன்று. அதன் உறுப்பினர் அக்காலத்தில் அவையில் பேச முடிந்தது, ஆனால் மண்டலத்துக்கென இயற்றப்பட்ட தனிச் சட்டங்களை நீக்கும் தீர்மானங்களில் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. 1949-இல் கான்பெராவை உள்ளடக்கிய தலைநகர் மண்டலத்துக்கும் முதன்முறையாக ஓர் இடம் அளிக்கப்பட்டபோது, அதற்கும் இதே போன்ற கட்டுப்பாடுதான் இருந்தது. அந்த முதல் உறுப்பினரான மருத்துவர் லூயிஸ் நாட்டும் ஒரு சுயேச்சை, 1920-களில் குயின்ஸ்லாந்தின் ஹெர்பர்ட் தொகுதி உறுப்பினராக இருந்தவர். மாநிலங்களின் 121 இடங்களோடு இந்த இரண்டையும் சேர்த்தால்தான் நீங்கள் கண்ட 123 வருகிறது. வடக்கு மண்டல உறுப்பினருக்கு முழு வாக்குரிமை 1968-இல்தான் கிடைத்தது.

மறுமொழி 4 – முரண்படுபவன்

எல்லைக்கோடு அவர்கள் எழுதியது சட்டத்தின் காரணம். அரசியலின் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமை பெறாது. 1946 தேர்தலுக்குப் பின் செனட்டில் தொழிற்கட்சிக்கு 33 பேர், எதிர்த்தரப்புக்கு 3 பேர். அந்த மூவரும் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்தவர்கள். அன்றைய வாக்கு முறையில் ஒரு மாநிலத்தில் முந்தும் தரப்பு அங்குள்ள எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்ளும். காற்று திரும்பினால் அதே முறை தன்னையே துடைத்தெறியும் என்று தொழிற்கட்சி அறிந்திருந்தது. ஆகவே 1948-இல் செனட்டைப் பெரிதாக்கியபோதே விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தையும் கொண்டுவந்தது. பழைய முறை நியாயமற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நியாயம் 33 இடங்களைக் கையில் வைத்திருந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததைத்தான் கவனிக்க வேண்டும்.

கணக்கு ஓரளவு பலித்தது. 1949-இல் தேர்தல் நடந்த 42 செனட் இடங்களில் தொழிற்கட்சிக்கு 19-தான் கிடைத்தன, ஆனாலும் பதவிக்காலம் முடியாத 15 பேரோடு சேர்த்து 34-க்கு 26 என்ற பெரும்பான்மை அதன் கையில் நின்றது. கீழவையின் 121 மாநில இடங்களிலோ கூட்டணி சேர்ந்த லிபரல் 55, கண்ட்ரி 19, எதிரே தொழிற்கட்சி 47. இரு அவைகளும் இரு தரப்பாரிடம் இருந்த இந்தச் சிக்கலை உடைக்க, மென்சீஸ் 1951-இல் இரு அவைகளையும் கலைத்துத் தேர்தலுக்குச் சென்றார், செனட்டையும் பிடித்தார்.

அவையைப் பெரிதாக்கியதால்தான் சிஃப்லி தோற்றார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. தொழிற்கட்சியின் வாக்கு சுமார் 46 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. 1947-இல் அறிவித்த வங்கித் தேசியமயமும், 1949-இல் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தை உடைக்கப் படையை இறக்கியதும், திரும்பி வந்த பெட்ரோல் பங்கீடும் அந்தத் தோல்விக்குப் போதுமானவை. 74 இடங்களே இருந்திருந்தாலும் ஆட்சி போயிருக்கும். பெரிதாக்கம் தீர்மானித்தது வேறொன்றை: யார் வந்தார்கள் என்பதை. போரின் இறுதியில்தான் உருவான லிபரல் கட்சிக்கு, பழைய உறுப்பினர் எவரையும் அகற்றாமலே ஒரு தலைமுறையை உள்ளே கொண்டுவர இடம் கிடைத்தது. கர்ட்டின் தொகுதியில் பால் ஹேஸ்லக், லோவில் வில்லியம் மெக்மேன், லா ட்ரோபில் ரிச்சர்ட் கேசி ஆகியோர் புதிய தொகுதிகள் வழியே வந்தார்கள். (கேசி ஏற்கெனவே அவையில் இருந்து விலகியவர். 1944 முதல் 1946 வரை வங்காளத்தின் ஆளுநராக இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்.) படையில் பணியாற்றியவர்கள் இவர்களிடையே மிகுதி. ஆங்கஸில் வென்ற அலெக்சாண்டர் டௌனர், பிளேனைப் போலவே சாங்கியில் கைதியாக இருந்தவர்.

கேள்வியாளர் – ஏட்டுச்சுவடி

அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: அப்படியானால் 1946 அவையில் இருந்த பெரிய ஆட்களில் 1949-இல் உண்மையாகவே வீழ்ந்தவர்கள் யார்? ஜாக் லாங்கின் பெயரும் இரண்டாம் பட்டியலில் இல்லை.

மறுமொழி 5 – எல்லைக்கோடு

அமைச்சர்களில் ஜான் டெட்மன் கோரியோவில், மிதிவண்டி வீரராகப் புகழ்பெற்ற ஹியூபர்ட் ஆப்பர்மனிடம் தோற்றார். நெல்சன் லெமன் ஃபாரஸ்ட் தொகுதியை இழந்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முன்னாள் முதல்வரான ஜாக் லாங் 1946-இல் ரீட் தொகுதியில் தன் சொந்தக் கட்சியின் ஒரே உறுப்பினராக வென்று, சிஃப்லியை விடாமல் தாக்கிக்கொண்டிருந்தவர். இருவருக்குமான பகை பழையது. 1935-இல் சிஃப்லி, லாங்கின் ஆபர்ன் தொகுதியிலேயே அவரை எதிர்த்து நின்று தோற்றிருந்தார். 1946 ஜூலை 10 முதல் அவை நடவடிக்கைகள் வானொலியில் ஒலிபரப்பானதால், இந்தத் தாக்குதல்களை நாடே கேட்க முடிந்தது. 1949-இல் லாங் ரீடை விட்டுப் புதிய பிளாக்ஸ்லாந்து தொகுதிக்கு மாறித் தோற்றார். உங்கள் முதற்கேள்வியில் இருந்தவை போன்ற இடமாற்றங்களில் கைகொடுக்காதது என்று இதைச் சொல்லலாம். சிஃப்லி மக்குவாரியைத் தக்கவைத்துக்கொண்டு எதிர்க்கட்சித் தலைவராகத் தொடர்ந்தார், 1951 ஜூன் 13 அன்று கான்பெராவில் தாம் வழக்கமாகத் தங்கிய குர்ராஜாங் விடுதியில் இறந்தார்.