ஸ்டிக்ஸ் ஆடினவங்க யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. காட்பாடியிலிருந்து எழுதறேன். 2014ல வந்த ‘ஸ்டிக்ஸ்: மாஸ்டர் ஆஃப் ஷேடோஸ்’ங்கிற வீடியோ கேம் ஆடிட்டிருக்கேன். அக்கனாஷ் கோபுரத்துக்குள்ள புகுந்து ஆம்பர்ங்கிற மந்திரப் பொருள் ஊறுற உலக மரத்தோட இதயத்தைத் திருடப் பார்க்கிற ஸ்டிக்ஸ்ங்கிற குட்டி காப்ளின் (பச்சைக் குட்டிப் பூதம்) கதை. ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

சாதாரண லெவல்ல ஒரு தடவை முடிச்சுட்டேன். இப்போ ரொம்பக் கஷ்டமான ‘காப்ளின்’ லெவல். இதுல கத்திச்சண்டையே கிடையாது, காவலாளி கிட்ட வந்துட்டா உயிர் போச்சு. காவலாளிங்களை சமாளிச்சிடறேன். மணல் வீசி தீப்பந்தத்தை அணைச்சிட்டு, நிழலோட நிழலா போயிடலாம். சின்ன வயசுல நம்ம வேலூர் கோட்டை மதில் மேல நடந்தப்போ, காவல்காரன் கண்ணுல படாம இங்க எப்படி நுழையறதுன்னு யோசிப்பேன். அதே சுகம் இந்த ஆட்டத்துல கிடைக்குது.

மாட்டிக்கிறது ரோபிங்ககிட்டதான். அந்தப் பெரிய வண்டுங்களுக்குக் கண்ணு தெரியாது, ஆனா சின்ன சத்தம் கேட்டாலும் பாய்ஞ்சு வந்துடும். மறைஞ்சு போற ஆம்பர் சக்தி அதுங்ககிட்ட உதவாது. குனிஞ்சு மெதுவா போனாலும், மேல இருந்து குதிக்கிற இடத்துல செத்துடறேன். நேத்து மட்டும் இருபது தடவைக்கு மேல.

குளோனை, அதாவது ஸ்டிக்ஸ் உருவாக்கற தன்னோட நகலை, அனுப்பி அதுங்களைத் திசை திருப்பினவங்க இருக்கீங்களா? குளோனை எவ்வளவு தூரத்துல விடணும்? யாரையும் கொல்லாம, அலாரமும் அடிக்காம முடிக்கணும், ரெண்டு பதக்கமும் வேணும். அண்ணன், அக்கா யாராயிருந்தாலும் விவரமா எழுதுங்க. சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கம் இருந்தா ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து கத்துக்கறேன்.