மார்கழிக் குளுருக்கு புது வூடு ஒரே சில்லுனு கெடக்குது, அம்மாவுக்கு கதகதன்னு ஆக்க என்ன பண்றதுங்க?

கோபி_பொண்ணு:
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நாங்க கோபி பக்கம், இத்தன வருசமா தோட்டத்து சாளைலயே இருந்துட்டு இந்த ஆவணில தான் டவுனுக்குள்ள புதுசா கட்டுன வூட்டுக்கு பால் காச்சி குடி வந்தோம், மேல காங்க்ரீட், கீழ பூரா வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ். வெய்யக் காலத்துக்கு நல்லா இருக்கும்னு போட்டோம், இப்ப மார்கழி பொறந்ததுல இருந்து வெடியால கால கீழ வெக்க முடியல. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி வேற, சாயங்காலம் ஆறு மணிக்கே கட்டல்ல ஏறிப் படுத்துக்கறாங்க. முந்தாநேத்து "இது வூடு மாதிரியே இல்ல கண்ணு, ஆஸ்பத்திரில இருக்கற மாதிரி இருக்குது"ன்னாங்க, அதக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரே வெசனமுங்க. ஊட்டி அளவுக்கு குளுரு இல்லதான், ராத்திரி 17, 18 டிகிரி தான் போனுல காட்டுது, ஆனா சாளைல இப்படி இருந்ததே இல்ல. 2000 வாட்ஸ் ஹீட்டர் ஒண்ணு வாங்கிரலாமானு பாக்கறேன். வாங்கலாமுங்களா?

தறிச்சத்தம்:
அம்மிணி, ஹீட்டருக்கு முன்னாடி மொதல்ல தரைய பாருங்க. டைல்ஸும் மேல விரிக்கற துணியும் ஒரே சூட்டுல தான் இருக்கும், ஆனா டைல்ஸு கால்ல இருக்கற சூட்ட படக்குனு இழுத்துக்கும், பருத்தி இழுக்காது, அவ்வளவுதான் சங்கதி. பவானி ஜமக்காளம் ஒண்ணு, கெட்டி நூலுல கைத்தறில நெய்ஞ்சது, அம்மா உக்கார்ற எடத்துலயும் கட்டலுக்குப் பக்கத்துலயும் விரிங்க. கடைல கைத்தறி தானானு கேட்டு வாங்குங்க, பவர்லூம் ஜமக்காளமும் அதே பேருல தான் விக்குது, தூக்கிப் பாத்தாலே கனத்துல தெரியும். மொத தண்ணில சாயம் கொஞ்சம் எறங்கும், தனியா அலசிக்கோங்க. முக்கியமா, டைல்ஸ் மேல சும்மா விரிச்சா வழுக்கும், அடில ரப்பர் வலை போடுங்க, ஓரம் மடங்காம இருக்கோணும், இந்த வயசுல தடுக்கி உழுந்தா தாங்க மாட்டாங்க. போர்வை விசயத்துலயும், தடியா ஒண்ணு போத்தறதுக்கு மெல்லிசா ரெண்டு போத்துனா தான் கதகதப்பு, நடுவுல நிக்கற காத்து தான் சூட்ட புடிச்சு வெக்கறது. எங்க சென்னிமலைப் போர்வை ரெண்டு போதும், நான் நெய்யறவன்கறதுக்காக சொல்லல, எங்க வூட்டுலயே அதுதான்.

பெருந்துறை_வயர்மேன்:
அம்மா ஆஸ்பத்திரினு சொன்னது லைட்டையும் சேத்துத்தானுங்க. உங்க வூட்டுல 6500 கெல்வின் வெள்ளை எல்இடி தான போட்டிருப்பீங்க? கெல்வின்கறது வெளிச்சத்தோட நெறத்துக்கு போடற நம்பருங்க. புது வூட்டுல எல்லாத்துலயும் அதுதான், அதக் கேட்டு வாங்கறதும் நம்ம ஆளுங்கதான். அட்டைப்பொட்டில 2700 இல்லீனா 3000 கெல்வின்னு போட்டிருக்கறத வாங்கி ஆசாரத்துலயும் (ஹாலு) அம்மா ரூம்லயும் மாத்துங்க, பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சளா எரியும். நடுக்கூரைல இருக்கறத அணைச்சுப்போட்டு அவங்க உக்கார்ற மூலைல சின்னதா ஒண்ணு போட்டா போதும். சமையக்கட்டுல வெள்ளையே இருக்கட்டும், நறுக்கறதுக்கு வெளிச்சம் வேணும்.

ஹீட்டர் வாங்கறதுன்னா, 2000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடுனா 2 யூனிட். தெனம் அஞ்சு மணி நேரம் போட்டா 10 யூனிட், பத்தே நாள்ல 100 யூனிட் ஓடிரும். கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், போன் சார்ஜ் போடற 6 ஆம்பியர் பிளக்குல சொருகவே கூடாது, எக்ஸ்டென்சன் பாக்ஸ்ல கூடவே கூடாது. கருகிப்போன பாக்ஸ் எத்தனையோ கழட்டிருக்கேன்.

காட்டுக்காரன்:
கரண்ட் செலவு எதுக்குங்க, மண்சட்டில அடுப்புக்கரி கங்கு போட்டு ரூம்ல வெச்சு கதவ சாத்துனா அரை மணி நேரத்துல சூடாயிரும், எங்க அப்பாரு காலத்துல அப்படித்தான்.

மேஸ்திரி_தாராபுரம்:
அண்ணா, தயவுசெஞ்சு அதச் சொல்லாதீங்க. உங்க அப்பாரு காலத்துல ஓட்டுச் சந்துல புகை போயிரும், இப்ப காங்க்ரீட்டும் அலுமினிய ஜன்னலும் போட்டு அடச்சாச்சு. கங்குல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே இல்ல, தூக்கத்துல தெரியவே தெரியாது. மலை ஊருங்கள்ல இப்படி கரி வெச்சுத் தூங்குனவங்க காலைல எந்திரிக்காம போனாங்கனு நியூஸ்ல வந்திருக்குது. சாம்பிராணி போடறதுன்னாலும் ஜன்னல தொறந்து வெச்சு போட்டுட்டு சட்டிய வெளிய வெச்சுருங்க.

கேள்வி கேட்ட அம்மிணிக்கு: வூடு இந்த வருசம் தான் கட்டுனதுன்னீங்க, அப்ப செவுத்துல இன்னும் ஈரம் இருக்குது. பூச்சு வேலைக்கும், சிமெண்டு இறுகறதுக்கு நனைக்கற க்யூரிங்குக்கும் ஊத்துன தண்ணி முழுசா காய ஒரு வருசம் கூட ஆகும், நடுவுல ஐப்பசி கார்த்திகை மழை வேற. குளுருதுன்னு நாள் பூரா ஜன்னல சாத்தி வெச்சா அந்த ஈரம் உள்ளயே நின்னு இன்னும் சில்லுனு தான் இருக்கும். மார்கழி தைல சூரியன் தெக்க சாஞ்சு போறதால தெக்குப் பாத்த ஜன்னல்ல வெய்ய நல்லா உள்ள வரும், பத்து மணிக்கு மேல தொறந்து திரைய நல்லா வெலக்கி விடுங்க, நாலரை அஞ்சுக்கெல்லாம் சாத்தி கெட்டியான திரை போடுங்க, கரூர் பக்கம் நல்ல திரைத்துணி கெடைக்கும். பீரோவ செவுத்த ஒட்டிப் போடாம கொஞ்சம் தள்ளிப் போடுங்க, பூஞ்சை புடிக்காம இருக்கும்.

காங்கேயம்_அம்மாயி:
கண்ணு, எல்லாரும் நல்லாத்தான் சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணு கேக்கறேன், சாளைல இருந்தப்ப உங்கம்மா வெடியால எந்திரிச்சு மொதல்ல எங்க போவாங்க?

கோபி_பொண்ணு:
வூட்டுக்குப் பின்னால பொடக்காணில தண்ணி காய வெக்கற அடுப்புக்கு போவாங்க ஆத்தா. அஞ்சு மணிக்கு தேங்காத்தொட்டியும் பாளையும் போட்டு பத்த வெச்சுட்டு அங்கயே பலகைல உக்காந்து கைய காட்டிட்டு இருப்பாங்க, சுக்கு மல்லிக் காப்பியும் அதுல தான் வெப்பாங்க, நாங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு அங்க தான் போய் உக்காருவோம். இங்க கீசர் இருக்கறதால... இத எழுதறப்ப தான் எனக்கே புரியுதுங்க.

காங்கேயம்_அம்மாயி:
அதுதான் கண்ணு. கீசர் இருக்கட்டும், அது பாட்டுக்கு ஓடட்டும். பொடக்காணில ஒரு ஓரமா, மேல திறப்பா இருக்கற எடத்துல, நாலு கல்லு வெச்சு அடுப்பு கூட்டிக் குடுத்துரு. சாயங்காலமும் ஆளுக்கொரு ரூம்ல போனப் பாத்துட்டு இருக்காம அந்த ஜமக்காளத்துல ஒட்டுக்கா உக்காந்து சாப்புடுங்க. ராத்திரிக்கு சுடச்சுட அரிசிம்பருப்பு சோறு, நெய் ஊத்தி, கூட கொள்ளு ரசம் வெய்யி, மொளகு சித்த எச்சா தட்டிப் போடு. பொங்கலுக்கு காப்புக் கட்டறப்ப அவங்க கையால பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சொருகட்டும், புது வூட்டுக்கு மொதப் பொங்கல் இது.

கோபி_பொண்ணு:
பத்து நாள் கழிச்சு எழுதறேனுங்க. ஹீட்டர் வாங்கல. பல்பு மூணு மாத்துனோம், ஜமக்காளம் சேப்பும் பச்சையுமா கோடு போட்டது ஒண்ணு, அடில ரப்பர் வலை. ஜன்னல் விசயம் மேஸ்திரி அண்ணன் சொன்ன மாதிரியே பண்றோம், மூணு நாள்லயே அந்த ஈர வாசம் கொறஞ்சுது. அடுப்பு தம்பி கட்டிக் குடுத்தான். மொத நாள் அம்மா ஒண்ணுமே சொல்லல, சாளைல இருந்து அந்தப் பழைய பலகைய எடுத்துட்டு வரச் சொன்னாங்க. இன்னைக்கு நான் எந்திரிக்கறப்ப மணி அஞ்சே முக்கால், என் பையன் கம்பளிய போத்திட்டு அவங்க பக்கத்துல உக்காந்து தேங்காத்தொட்டிய ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துட்டு இருந்தான்.